ஃப்ரீசரில் இருக்கும் மூஸ் இறைச்சி: மனிடோபாவிலிருந்து வந்த மக்களைப் பற்றிப் பேசுவோம்

இரவுப்பணி
2025 ஜூன் 14, காலை 7:20

நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவு வேலை பார்க்கிறேன். பத்து நாட்களாக எங்கள் விடுதியின் மூன்று மாடிகளில் சுற்றுலாப் பயணிகள் இல்லை. காட்டுத்தீயால் ஊரை விட்டு வந்த, கனடாவின் மனிடோபா மாகாணத்து வடக்குப் பகுதியின் கிரீ பூர்வகுடி மக்கள் தங்கியிருக்கிறார்கள். மே 28 அன்று அந்த மாகாணம் முழுவதற்கும் அவசரநிலை அறிவித்தார்கள். சுமார் 17,000 பேர் வெளியேற வேண்டியிருந்தது. மாகாணத் தலைநகர் வின்னிபெக்கின் விடுதிகளில் இடம் போதவில்லை. எனவே விமானத்தில் ஏற்றி, வேறொரு மாகாணத்தில், அருவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் இரவு இரண்டு மணியளவில் கீழே வந்து, வாசலோரம் இருக்கும் நாற்காலியில் உட்காருவார். மூன்றாம் நாள் எழுந்து என்னிடம் வந்து, "கரண்ட் வந்துவிட்டதா என்று உன் கணினியில் பார்க்க முடியுமா?" என்று கேட்டார். அறையில் விளக்கு எரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஆள் அனுப்பட்டுமா என்றேன். அவர் கேட்டது தன் ஊரில் கரண்ட் வந்ததா என்று. மின்கம்பங்கள் எரிந்து ஊர் முழுவதும் இருட்டாம். வீட்டில் பெரிய ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. அடியில் போன இலையுதிர்காலத்தில் தங்கை மகன் சுட்டுக் கொண்டுவந்த மூஸ் மானில் பாதி, அதற்கு மேல் ஏரி மீன், ஓரத்தில் புளூபெர்ரி, எல்லாவற்றுக்கும் மேலே இந்த வசந்தத்தில் வேட்டையாடிய காட்டு வாத்துகள். பேத்தியோடு உட்கார்ந்து இறகு பறித்ததை விரலால் செய்து காட்டினார். அடுத்த குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டுக்கு அதுதான் சாப்பாடு. "இரண்டு மூன்று நாள்தான் என்றார்கள், ஒரே ஒரு பையோடு வந்தேன்" என்றார்.

என் கணினியில் அவர் ஊர் மின்சாரத்தைப் பார்க்க வழியில்லை. அன்றிலிருந்து காலையில் வீடு திரும்பினாலும் தூக்கம் வருவதில்லை. ஏன் ஆண்டுதோறும் இதே மக்கள் பெயர்க்கப்படுகிறார்கள்? இவர்களுக்கு நம்மால் உருப்படியாக என்ன செய்ய முடியும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


செங்கோட்டைக்காரன்
2025 ஜூன் 14, மாலை 6:02

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறேன். அறியாமல் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கனடா பணக்கார நாடு. தீ எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் காட்டிவிடும். இரண்டு நாள் முன்னதாகவே பஸ்களை அனுப்பி மக்களை ஏற்றிக்கொண்டு வந்தால் என்ன? விமானம் எதற்கு?


பனிப்பாதை
2025 ஜூன் 14, இரவு 11:45

செங்கோட்டை நண்பரே, பஸ் அனுப்பச் சாலை வேண்டுமே. வடக்கே பல ஊர்களுக்குக் கோடையில் சாலையே கிடையாது. குளிர்காலத்தில் ஏரியும் சதுப்பும் உறைந்த பிறகு அதன்மேல் வெட்டுவதுதான் பாதை. வசந்தத்தில் அது உருகிவிடும், தீக்காலம் தொடங்கிவிடும். வழி அடைபடும் நேரமும் நெருப்பு கிளம்பும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன.

ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் சிப்பவயன் அப்படிப்பட்ட ஊர். 2023 மே 30 அன்று வெளியேறச் சொன்னபோது ஆற்றில் படகுகளும் வானில் விமானங்களும்தான் வழி. அதே மே மாதத் தொடக்கத்தில் ஃபாக்ஸ் லேக் என்ற கிரீ ஊரில் சுமார் 3,700 பேரைப் பீஸ் ஆற்றைக் கடத்திப் படகிலும் மிதவையிலும் கொண்டுபோனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. இப்போது மனிடோபாவில் புக்கட்டவாகனைப் பாருங்கள். அந்த ஊருக்கு ரயில் உண்டு, சிறிய விமானத்தளம் உண்டு, வெளியே போகச் சாலை கிடையாது. புகை கவிந்து விமானத்தளம் மூடப்பட்டதும் ஹெலிகாப்டர்கள் வந்தன. ஒரு ஹெலிகாப்டரில் எத்தனை பேர் ஏற முடியும்? காத்துக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். 2023இல் நான் கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியின் தலைநகரான யெல்லோநைஃபில் வேலையில் இருந்தேன். ஆகஸ்டு 16 மாலை அந்த நகரம் முழுவதும் வெளியேற வேண்டும் என்று ஆணை வந்தது. சுமார் 20,000 பேர். எங்களுக்குச் சாலை இருந்தது, ஆனால் ஒரே ஒரு சாலை. தெற்கே எட்மண்டன் நகரம் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். பெட்ரோல் நிலையத்தில் வரிசை, வழியெங்கும் இரு பக்கமும் கருகிய மரங்கள், சில இடங்களில் வேர்க்கட்டையில் இன்னும் நெருப்பு. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே ஓட்டினேன். கார் இல்லாதவர்கள் உயர்நிலைப் பள்ளியில் விமானத்துக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். செப்டம்பர் 6 அன்றுதான் திரும்ப அனுமதித்தார்கள்.

எல்லாரும் யெல்லோநைஃபைப் பற்றித்தான் எழுதினார்கள். அதற்குச் சில நாள் முன்பு, அதே நிலப்பகுதியில் ஹே ரிவர் என்ற ஊர்ப் பக்கம் நடந்தது அதைவிடக் கொடியது. ஆகஸ்டு 13 அன்று எண்டர்பிரைஸ் என்ற சிற்றூர் ஏறக்குறைய முழுவதுமாக எரிந்துபோனது. தொலைபேசிக் கம்பிவடம் கருகி, கைபேசியும் இணையமும் அறுந்துவிட்டன. எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்கக்கூட ஆளில்லாமல் மக்கள் தீக்குள்ளேயே வண்டி ஓட்டினார்கள். ஹே ரிவருக்கு எதிர்க்கரையில் காட்லோடீச்சே என்ற, டெனே பூர்வகுடி மக்களின் ஊர் இருக்கிறது. 2022 மே மாதம் வெள்ளத்துக்காக வெளியேறினார்கள். 2023 மே மாதம் தீக்காக வெளியேறினார்கள், ஊர் நிர்வாக அலுவலகமே எரிந்துவிட்டது. ஆகஸ்டில் மறுபடியும் தீ. பதினாறு மாதத்தில் மூன்று முறை ஒரே ஊர் பெட்டி கட்டியது.


வின்னிபெக் தாதி
2025 ஜூன் 15, காலை 9:30

இரவுப்பணி தம்பி, பாட்டியோடு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? நான் முதலில் கேட்பது அதைத்தான்.

நான் இங்கே வெளியேற்றப்பட்டவர்களைப் பார்க்கும் குழுவில் இருக்கிறேன். தீ இன்னும் ஊரைத் தொடாதபோதே புகைக்காக ஒரு பகுதி மக்களை முதலில் எடுப்பார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், மூச்சிழுப்பு உள்ளவர்கள், முதியவர்கள், இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்படுகிறவர்கள். மருத்துவக் கண்ணால் பார்த்தால் சரியான வரிசைதான். ஆனால் வடக்கு ஊர்களில் ஒரு வீடு என்றால் பாட்டி, பேரப்பிள்ளைகள், சித்தி, மாமா எல்லாரும் சேர்ந்தது. பாட்டியை முதல் விமானத்தில் ஏற்றுவார்கள். அவர் வளர்க்கும் பேரனை இரண்டு நாள் கழித்து நான்காம் விமானத்தில் ஏற்றுவார்கள். அந்த விமானம் வேறு நகரத்துக்குப் போய்விடும். பாட்டிக்கு ஆங்கிலம் குறைவு. தன் மாத்திரையின் பெயர் அவருக்குத் தெரியாது, "காலையில் வெள்ளை, இரவில் பாதி மஞ்சள்" என்று தெரியும். மாத்திரைப் பெட்டியை எடுத்து வைப்பது பேரன்தான்.

சென்ற வாரம் ஒரு தாத்தாவின் சர்க்கரை அளவு எகிறிக் கிடந்தது. ஊசி மருந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது என்றார். கதவைப் பூட்டும்போது நினைவு வந்ததாம், வண்டி கிளம்பிவிட்டதாம். நாங்கள் ஊர்ச் சிகிச்சை நிலையத்தை அழைத்து மருந்துப் பட்டியல் கேட்கலாம் என்றால் அந்தத் தாதியும் வெளியேற்றப்பட்டிருந்தார்.

ஒன்டாரியோவின் சாண்டி லேக் ஊரை 2011இல் வெளியேற்றியபோது மக்களைப் பல நகரங்களில் பிரித்துப் போட்டார்கள். இன்றுவரை அதைப் பேசுகிறார்கள். இந்த ஜூன் மாதமும் அதே ஊரை இராணுவத்தின் ஹெர்குலிஸ் விமானங்கள் வந்து ஏற்றிப் போயிருக்கின்றன. ஒரு ஊரை ஒரே இடத்தில் வைத்தால் பாதி நோய் தீரும் என்பது என் அனுபவம். யாருக்கு எந்த மருந்து, யார் யாரோடு படுக்க வேண்டும், எந்தப் பிள்ளை இரவில் அழும் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். விடுதி ஒதுக்கும் பட்டியலுக்குத் தெரியாது.


நேர்வழி
2025 ஜூன் 15, மதியம் 1:15

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஒன்றைப் பேசாமல் விடுகிறீர்கள். வெளியேற மாட்டோம் என்று ஊரில் தங்கிவிடுகிறவர்களை என்ன செய்வது? அவர்களைக் காப்பாற்றப் போகும் தீயணைப்பு வீரர்களின் உயிர் யாருடைய பொறுப்பு? ஆணை என்றால் ஆணை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு தீக்கு முன்னால் நிற்பதை உரிமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.


பனிப்பாதை
2025 ஜூன் 15, மாலை 4:50

நேர்வழி, 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இதே கேள்வி எழுந்தது. சில்கோட்டின் என்ற பூர்வகுடி மக்களின் ட்லெட்டின்கோக்ஸ் என்ற ஊர். மாகாணம் வெளியேறச் சொன்னது. தலைவர் ஜோ அல்ஃபான்ஸும் ஊர் மன்றமும் மறுத்தார்கள். காவல் துறை வந்து, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவோம் என்று எச்சரித்தது. சுமார் 300 பேர் தங்கினார்கள்.

அவர்கள் சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அந்த ஊரில் பலர் காட்டுத்தீ அணைப்பதையே தொழிலாகச் செய்தவர்கள். எந்தப் பள்ளத்தில் காற்று திரும்பும், எந்தப் பழைய மரப்பாதையில் இயந்திரத்தை இறக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைரேகை மாதிரி. கால்நடைகளும் அங்கே இருந்தன. வீட்டைச் சுற்றித் தீத்தடுப்புப் பாதை வெட்டி, இரவும் பகலும் முறை வைத்துக் காவல் காத்தார்கள். ஊர் தப்பியது. அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது சாலைத் தடுப்புகள்தான். எரிபொருளும் உணவும் உள்ளே கொண்டுவர ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருந்தது. அதன் பிறகு 2018 பிப்ரவரியில் கூட்டாட்சி அரசும் மாகாணமும் சில்கோட்டின் மக்களோடு உட்கார்ந்து, அவசரகாலத்தில் சேர்ந்து செயல்படும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

பூர்வகுடியினருக்கென்று அரசு ஒதுக்கிய நிலத்தில் வெளியேற்ற ஆணை போடும் அதிகாரம் அந்த ஊரின் தலைவருக்கும் மன்றத்துக்கும் உண்டு. அவர்கள் ஆணையை மீறவில்லை, தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். எல்லா ஊரும் இப்படித் தங்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஃபாக்ஸ் லேக்கில் தங்கியிருந்தால் பிணங்களைத்தான் எண்ணியிருப்போம்.


கிளாலி
2025 ஜூன் 15, இரவு 8:10

நேர்வழித் தம்பிக்கு ஒரு கிழவனின் பதில்.

1995 அக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களில் நானும் ஒருவன். நாவற்குழிப் பாலத்தை நெருங்க முடியாத நெரிசல், மழை, தோளில் என் தாய். அன்று நான் எடுத்து வந்த பொருள்களை இன்றும் வரிசையாகச் சொல்வேன். எடுக்காமல் விட்டதை அதைவிடத் தெளிவாகச் சொல்வேன். ஆகவே அந்தப் பாட்டி ஃப்ரீசரை அடுக்கடுக்காகச் சொன்னதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆனால் எங்கள் இடப்பெயர்வையும் அவர்களுடையதையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனமில்லை. இங்கே கனடா வந்த பின்புதான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். இந்த மக்களின் பிள்ளைகளை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, தலைமுறை தலைமுறையாக வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். தாய்மொழி பேசினால் அடி. கடைசிப் பள்ளிகள் மூடியது 1990களின் பிற்பகுதியில். வடக்கு ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிப்போக ஏரியில் விமானம் வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். சீருடை போட்ட ஒருவர் வாசலில் நின்று, "பிள்ளைகளை ஏற்று, ஒரு பை போதும், எப்போது திரும்புவீர்கள் என்று பிறகு சொல்வோம்" என்றால் அந்தச் சொற்கள் அவர்கள் காதில் எப்படி விழும்? பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவோம் என்று 2017இல் எச்சரித்தவர்களுக்கு, யாரிடம் பேசுகிறோம் என்ற நினைவே இருந்திருக்காது.

ஆகவே தம்பி, சொல்வது யார் என்பது பெரிது. அவர்கள் மொழியில், அவர்கள் ஊர் வானொலியில், அவர்கள் நம்பும் ஒருவர் சொன்னால் அரை நாளில் ஊர் காலியாகும்.

இரவுப்பணிக்கு ஒரு வேண்டுகோள். டொராண்டோவின் ஸ்காபரோ மீன்கடைகளில் வைட்ஃபிஷ் கிடைக்கும், அது கனடாவின் ஏரிகளில் வாழும் மீன். தலையோடு வாங்கி, மிளகாய்த்தூள் எதுவும் போடாமல், வெறும் உப்பில் அவித்துக் கொடுத்துப் பாருங்கள். சமையலறையில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். விடுதிச் சாப்பாடு அவருக்கு இறங்காது.


கணக்கர்
2025 ஜூன் 16, காலை 10:05

"ஏன் இதே மக்கள்?" என்ற கேள்விக்கு எண்களில் பதில் இருக்கிறது. கனடா மக்கள்தொகையில் பூர்வகுடியினர் சுமார் 5 விழுக்காடு. காட்டுத்தீ வெளியேற்றங்களில் 42 விழுக்காடு பூர்வகுடியினர் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் நடந்திருக்கின்றன. ஊர் இருப்பது காட்டுக்குள். அந்த இடத்திலேயே ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழச் சொன்னதும் அரசுதான்.

2022 நவம்பரில் கனடாவின் தலைமைத் தணிக்கையாளர் முதற்குடி (First Nations) எனப்படும் பூர்வகுடியினர் ஊர்களின் அவசரகால நிர்வாகத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். அதற்கு முந்தைய 13 ஆண்டுகளில் 1,300க்கும் மேற்பட்ட அவசரநிலைகள், 580க்கும் மேற்பட்ட வெளியேற்றங்கள், பாதிக்கப்பட்டவர்கள் 1,30,000க்கும் மேல். அடுத்த வரிகளைப் படித்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூர்வகுடியினருக்கான கூட்டாட்சித் துறை முன்னேற்பாட்டுக்கும் தடுப்புக்கும் செலவழித்ததைப் போல 3.5 மடங்கு, சம்பவம் நடந்த பிறகான மீட்புக்குச் செலவழித்திருக்கிறது. தேவை என்று துறையே பரிசீலித்து ஒப்புக்கொண்ட 112 தடுப்புப் பணிகளுக்குப் பணம் ஒதுக்கவில்லை. வாய்க்கால், கரை, மதகு போன்ற வேலைகள் இவை. 2013லேயே ஒரு தணிக்கை கிட்டத்தட்ட இதையே சொல்லியிருந்தது.

விடுதி அறைக்கு, விமானத்துக்கு, உணவுக்குக் கேள்வி கேட்காமல் கோடிகள் வருகின்றன. ஊரைச் சுற்றிக் காய்ந்த மரங்களை அகற்ற, ஒரு தண்ணீர் வண்டி வாங்க, பத்து இளைஞர்களுக்கு ஆண்டு முழுவதும் தீயணைப்பு வேலை கொடுக்க என்று கேட்டால் விண்ணப்பப் படிவம் வருகிறது.


சாம்பல்நிலம்
2025 ஜூன் 17, இரவு 9:40

காட்டியல் படிக்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1874இலேயே சட்டம் போட்டுப் பூர்வகுடியினர் காட்டில் தீ வைப்பதைத் தடுத்தார்கள். அதற்கு முன் வசந்தத்தில், பனி உருகிய ஈரத்தோடு, புல்லையும் சருகையும் அவர்கள் சிறு சிறு தீயாக எரித்துவிடுவார்கள். பெர்ரிச் செடி தழைக்கும், மான் மேய வரும், கோடையில் பெருந்தீக்கு விறகு இருக்காது. தடுத்தார்கள், சருகு நூறாண்டுக்கும் மேல் சேர்ந்துகொண்டே வந்தது.

கிரான்புரூக் நகருக்கு அருகே டுனாஹா பூர்வகுடி மக்களின் அக்காம் என்ற ஊரில் 2023 ஏப்ரலில் சுமார் 1,200 ஹெக்டேரைத் திட்டமிட்டு எரித்தார்கள். அதே ஜூலையில் பெருந்தீ வந்தது. ஏழு வீடுகள் போய்விட்டன. ஆனால் ஏப்ரலில் எரித்திருந்த நிலத்தை அடைந்ததும் தீ தணிந்தது, விமான நிலையத்தை நெருங்கவிடாமல் தடுக்க முடிந்தது.

மனிடோபாவின் வடக்கு வேறு வகைக் காடு. ஸ்புரூஸ் மரம் அடியிலிருந்து உச்சிவரை தீப்பந்தமாக எரியும், கீழே நிலக்கரி போன்ற சதுப்பு மண்ணும் எரியும். அங்கே சிறுதீ மட்டும் போதாது. ஊரைச் சுற்றி ஸ்புரூஸை வெட்டிவிட்டு, எளிதில் பற்றாத ஆஸ்பன் மரங்களை வளரவிட வேண்டும். அது ஆண்டுதோறும் கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. கணக்கர் ஐயா சொன்ன அந்தப் படிவத்தில்தான் இதுவும் போய் நிற்கிறது.


நேர்வழி
2025 ஜூன் 18, காலை 8:00

கிளாலி ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். தீயணைப்பு வீரர்களைப் பற்றிய என் கவலை மாறவில்லை, என் அண்ணன் மகன் அந்த வேலையில் இருக்கிறான். ஆனால் "எடுத்துக்கொண்டு போவோம்" என்ற சொல் அங்கே என்ன பொருள் தரும் என்று நான் யோசித்ததே இல்லை. நன்றி.


இரவுப்பணி
2025 ஜூலை 12, காலை 8:15

தாமதத்துக்கு மன்னியுங்கள். வைட்ஃபிஷ் கிடைத்தது ஐயா. ஸ்காபரோவிலிருந்து என் மைத்துனர் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுவந்தார். சமையற்காரர் தலையை வெட்டி எறியப் போனார், தடுத்துவிட்டேன். பாட்டி முதலில் தலையைத்தான் எடுத்தார். கன்னச் சதையைப் பிரித்துப் பேத்தியின் தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தைப் பேசாமல் உறிஞ்சிச் சாப்பிட்டார். தாதி அக்கா கேட்டதற்குப் பதில்: பேத்தி அவரோடுதான் இருந்தாள். பேரன்தான் வின்னிபெக்கில் வேறு விடுதியில் இருந்தான், தினமும் மாலையில் கைபேசியில் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் கடைசியில் ஊர் திரும்பினார்கள். நேற்றுப் பேத்தி அழைத்தாள். வீடு தப்பிவிட்டது. ஃப்ரீசரைத் திறக்கவே இல்லையாம். தெரு முழுவதும் ஒட்டுநாடா சுற்றிய ஃப்ரீசர்கள் வரிசையாக வாசலில் நிற்கின்றன, அள்ளிப்போக வண்டி வரவேண்டும். பாட்டி தங்கை மகனோடு ஏரியில் வலை போட்டு, கிடைக்கிற மீனைப் பிளந்து புகையில் உலர்த்துகிறாராம். பையை இன்னும் பிரிக்கவில்லை. ஜூலை 10 அன்று மாகாணம் மறுபடியும் அவசரநிலை அறிவித்திருக்கிறது.


வின்னிபெக் தாதி
2025 ஜூலை 12, மதியம் 12:30

ஆம் தம்பி, மறுபடியும் தொடங்கிவிட்டது. இம்முறை மனிடோபாவின் கார்டன் ஹில் என்ற பூர்வகுடி ஊரின் மக்கள். ஹெர்குலிஸில் வருகிறார்கள், மாநாட்டு மண்டபத்தில் கட்டில்கள் போட்டிருக்கிறார்கள். இங்கே இருக்கும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய துணி கொண்டுவராதீர்கள், அடுக்க இடமில்லை. ஊர் மன்றத்தின் தொடர்பாளர் ஒருவர் மண்டபத்திலேயே இருக்கிறார். என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டு மட்டும் எதையும் செய்யுங்கள். இன்று காலை அவர் கேட்டது மூன்று: குழந்தைப் பால்மாவு, கைபேசி சார்ஜர், பிரிந்து தங்கியிருக்கும் குடும்பங்களை ஒருவரையொருவர் பார்க்க அழைத்துப்போகக் கார் ஓட்டுகிறவர்கள். கார் உள்ளவர்கள் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். மாலை ஐந்து மணிக்கு முதல் நடை.